அம்மா சுண்ணாம்பு வைத்த படம்

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு படம் தலைகீழாகத் தொங்குகிறது. ஆகாய விமானத்திலிருந்து எடுத்தது. மெசபொட்டேமியாவில் ஓர் ஆற்றங்கரை, அங்கே வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு மூட்டை சுமக்கவும் ரோடு போடவும் போன கூலிப்படையின் முகாம், சுற்றிலும் முந்தின நாள் எதிரி போட்ட குண்டுகளின் குழிகள். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டிக்கொண்டிருந்த என் அண்ணன் அந்தக் கூலிப்படையில்தான் சேர்ந்து போனான். அந்தக் குண்டுவீச்சில் செத்தவர்களில் அவனும் ஒருவன். படம் எடுத்த பிறகு, தனியாகக் குழி வெட்ட நேரமில்லாமல், குண்டு விழுந்த குழிகளில் ஒன்றிலேயே அவர்களைப் போட்டு மூடினார்களாம். எதில் என்று சொல்ல ஒருவருமில்லை.

படத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் யுத்தத்திலிருந்து திரும்பிய மாதனூர் ஹவில்தார். இந்த மாதிரிப் படங்களில் குண்டுக்குழி எது, கிணறு எது என்று பிரித்துச் சொல்வதுதான் அங்கே அவர் வேலை. குண்டுக்குழியைச் சுற்றி மண் சிதறிக் கிடக்கும், கிணற்றின் விளிம்பு ஒழுங்காக இருக்கும் என்பார். நிழல் நம்மைப் பார்த்து விழும்படி படத்தைப் பிடிக்க வேண்டும், மாற்றிப் பிடித்தால் குழியெல்லாம் மேடாகத் தெரியும் என்பார். அம்மாவுக்கு மேடுதான் பிடித்தது. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இருப்பவையும் மண்மேடுகள்தானே. ஹவில்தார் வரும்போதெல்லாம் படத்தை நேராக்குவார். அவர் தலை மறைந்ததும் அம்மா மாற்றி மாட்டுவாள்.

கல்லறைத் திருநாள் வந்தால் ஊரே தங்கள் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து மெழுகுவத்தி ஏற்றும். அண்ணனுக்கென்று அடிக்க அம்மாவுக்கு ஒன்றுமில்லை. ஒரே ஒரு குழியைக் காட்டச் சொல்லி வருஷா வருஷம் ஹவில்தாரைக் கேட்டாள். அவர் அசையவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏதாவது ஒன்றின்மேல் விரலை வைத்தால் என்ன குடியா முழுகிப்போகும்? அம்மா படுத்த படுக்கையானபோது அவர் வீட்டுக்கே போய், பொய்யாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். வந்தார். பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"குழி எதுன்னு சொல்லுவேன், அக்கா. புள்ள எதுல கீறான்னு இதுல தெரியல."

அம்மா, திருநாளுக்காக நான் ஷாப்பிலிருந்து கொண்டுவந்திருந்த சுண்ணாம்பைக் கேட்டாள். விரலில் தொட்டு, படத்தில் தெரிந்த மேடு ஒவ்வொன்றின்மேலும் வைத்தாள். ஹவில்தார் பதறிப்போய்க் கையை நீட்டினார்.

"அது கிணறு, அக்கா."

"இருந்துட்டுப் போவட்டும். ஒண்ணுகூட வுடமாட்டேன்" என்றாள் அம்மா.

அந்த மழைக்காலம் தாண்டுவதற்குள் அவளும் போய்விட்டாள். ஹவில்தார் இன்னும் வருகிறார். படத்தை மட்டும் தொடுவதில்லை. இனி எப்படிப் பிடித்தாலும் அதில் ஒன்றும் தெரியாது என்கிறார் கடுகடுப்பாக. எனக்கும் ஆத்திரம்தான், யார்மேல் என்றுதான் தெரியவில்லை. நேற்று அம்மாவின் கல்லறைக்கு வெள்ளையடித்துவிட்டு வந்து படத்தைக் கழற்றினேன். அவள் வைத்த சுண்ணாம்பு காய்ந்து அங்கங்கே உதிர்ந்திருந்தது. கல்லறைக்கு அடித்து மிச்சமிருந்த சுண்ணாம்பை விரலில் தொட்டு ஒவ்வொன்றுக்கும் மறுபடி வைத்தேன். கிணற்றையும் விடவில்லை.