சாம்பல் சோடியின் வெள்ளைக் குஞ்சு

அஞ்சலீனாவும் அவள் புருஷன் அருமைராசாவும் நல்ல கறுப்பு. மகள் றொஷினி வெள்ளை. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த லாசாலில் அந்தக் குடும்பத்தின் நிம்மதி கெட்டதற்கு வேறு காரணமே இல்லை.

பிள்ளை பிறந்த வீட்டுக்கு வரும் எங்கள் சனம் தொட்டிலை எட்டிப் பார்த்து முதலில் கேட்பது, "ஆரைப் போல?" என்றுதான். றொஷினி பிறந்தபோது அருமைராசாவின் அக்கா புஷ்பராணி அதைக் கேட்டுவிட்டுத் தம்பியின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கோயில் வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். பிள்ளை வெள்ளையாய்ப் பிறக்கக் குங்குமப்பூ வாங்கிக் குடிக்கிற அதே சனம்தான். அன்றிலிருந்து அருமைராசா குழந்தையைத் தூக்கவில்லை. பேசினால் "உன்ரை மகள்" என்பார்.

அஞ்சலீனாவுக்குக் கர்க்லாண்டுக்கு அப்பால், வேட்டைக்கு வல்லூறு வளர்க்கும் ஒரு பண்ணையில் வேலை. காடை வெட்டிப் போடுவாள், கூடு கழுவுவாள். 2006 வசந்தத்தில், சாம்பல் நிறச் சோடி ஒன்றின் குஞ்சுகளுக்கு இறகு முளைத்தபோது ஒன்று மட்டும் பால் வெள்ளையாக இருந்தது. அவள் திகைத்துப்போய் நிற்பதைப் பார்த்து முதலாளி லூக் விளக்கினார். வெள்ளை நிறம் தாய்க்குள்ளும் தகப்பனுக்குள்ளும் மறைந்து கிடக்கும். இரண்டு பேரிடமிருந்தும் குஞ்சுக்கு வந்து சேர்ந்தால்தான் வெளியே தெரியும். அஞ்சலீனா கூட்டின் முன்னால் நின்று வாய்விட்டு அழுதாள். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தாள், பாவி.

அடுத்த ஞாயிறு புருஷனைக் கெஞ்சி அங்கே கூட்டிப்போனாள். றொஷினியும் போனாள்.

"இஞ்சை பாருங்கோ. தாயும் தகப்பனும் சாம்பல். வெள்ளை ரெண்டுக்குள்ளயும் ஒளிச்சுக் கிடந்திருக்கு. எங்கடை பிள்ளையும் இப்பிடித்தான்."

அருமைராசா கம்பிவலையைப் பார்த்தார். கதவுத் தாழ்ப்பாளைத் தட்டிப் பார்த்தார்.

"வேற சேவல் வராதோ?"

"வராது. எப்பவும் பூட்டித்தான் வச்சிருக்கிறது."

"இதைப் பூட்டி வச்சது. உன்னை ஆர் பூட்டி வச்சது?"

அந்த மனிதனுக்கு வல்லூறுப் பண்ணையில் கண்ணில் பட்டது பூட்டு மட்டும்தான். அந்தக் கிழமையே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். அதற்குப் பிறகு அவள் தனியாகக் கடைக்குக்கூடப் போகவில்லை.

இரண்டு வருடம் கழித்து மகன் பிறந்தான். நல்ல கறுப்பு. வீடு நிறையச் சனம். புஷ்பராணி தொட்டிலை எட்டிப் பார்த்தாள்.

"ஆரைப் போல?"

"என்னைப் போல. இது என்ரை பிள்ளை," என்றார் அருமைராசா.

கேக் தட்டோடு நின்ற றொஷினி ஆசையாகக் கேட்டாள்.

"நான் ஆரைப் போல, அப்பா?"

அவர் ஒரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டு சொன்னார்:

"அதைக் கொம்மாட்டைக் கேள்."