கடை வெளிச்சத்துக் கறுப்பு

கடையில் ஒவ்வொரு ரெண்டு ஹேங்கருக்கும் நடுவில் அத்தான் தன் முஷ்டியை வைத்துப் பார்ப்பார். கட்டைவிரல் உள்ளே மடங்கிய, இறுக மூடிய வலது கை. அது துணியில் உரசாமல் போய்த் திரும்பினால் சரி. உரசினால் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த ஹேங்கரைத் தள்ளுவார். அதனால் அதற்கடுத்தது நெருங்கும். அதையும் தள்ளுவார். வாடிக்கையாளர் யாராவது ஒரு சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தால், அவர் முதுகைத் திருப்புவதற்குள் முஷ்டி அங்கே போய்விடும். தொட்டவர்களுக்கு ஏதோ அசிங்கம் பண்ணிவிட்டது போலக் கூசும். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மலிவு விலைத் துணிக்கடையில் வேலை பார்த்தார். கூடை கூடையாகச் சட்டைகளைக் குவித்துப் போட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, கையைத் தட்டிக் கூவி விற்கிற வேலை. ஜனங்கள் குவியலைக் கிளறுவார்கள், இவர் திரும்ப அடுக்குவார், அவர்கள் திரும்பக் கிளறுவார்கள். மனிதர்கள் மீது அவருக்கு ஒரு வெறுப்பு உண்டென்றால் அது அங்கே சேர்ந்ததாகத்தான் இருக்கவேண்டும். சேர்த்ததை எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார்.

கடை அக்காவுடையது. பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பிடிப்பது என்று துணி திருத்தித் தருகிற கடை. முன்னறையில் தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். அதன் கீழே அவள் தையல் மெஷின். தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகவே பேன்டைத் தூக்கிக் கொடுப்பார்கள். அவளும் மிதிப்பதை நிறுத்தாமலே, "நாளைக்கு வாங்க" என்பாள்.

அத்தான் முதலில் தலைக்குல்லாவோடு தைத்த மூன்று ஹூடிகளைக் கொண்டுவந்து மாட்டினார். முதுகில் யாருக்கும் புரியாத ஒரு எழுத்து. விற்றுப்போயின. பிறகு தோள் வழிகிற டீ-சட்டைகள், ரெண்டு பேர் நுழையக்கூடிய பேன்ட்கள், பெட்டியிலிருந்து எடுத்தாலும் போட்டு நடக்கக் கூடாத ஷூக்கள். அப்புறம் கடையே அவருக்குப் பிடிக்காமல் போனது. பூசிய சுவரைக் கொத்திச் செங்கல் தெரியவைக்க ஆள் கூப்பிட்டார்.

"நல்ல சுவத்தைக் கெடுக்கறதுக்கு என்னைக் கூலி குடுத்துக் கூப்பிட்ட மொத ஆளு நீங்கதான் சார்," என்றார் கொத்தனார்.

"அளவாக் கெடுங்க. அழகாக் கெடுங்க."

"அதுக்குத் தனிப் படிப்பு இருக்கா சார்?"

அடுத்து ஜன்னல் போனது. கறுப்புப் பலகை வைத்து ஆணியடித்து மூடிவிட்டார். உள்ளே மஞ்சளாகத் தொங்குவிளக்குகள். எந்த நேரத்தில் போனாலும் அங்கே பொழுது சாய்ந்துகொண்டிருக்கும். பெயர்ப்பலகை இல்லை. கதவு ஒருக்களித்து நுழைகிற அளவுக்குத்தான். அத்தனை பெரிய அறையில் ஒற்றைக் கம்பி, அதில் எண்ணிச் சில உடுப்புகள். மீதிச் சரக்கெல்லாம் பின்னறையில். அங்கே நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பேன். அக்காவின் மெஷினும் அங்கேதான் வந்து சேர்ந்தது, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே.

"அவ்ளோ எடம் சும்மா கெடக்கு, என் மெஷின் மட்டும் உங்க கண்ணைக் குத்துதா?" என்று அவள் கேட்டாள்.

"சும்மா கெடக்கற எடத்தைத்தான்டி நான் விக்கறேன். உனக்குப் புரியாது."

"புரியுது. சட்டையைக் குறைச்சீங்க, சுவத்தைக் குறைச்சீங்க. இப்ப என்னைக் குறைக்கறீங்க."

அவர் சிரித்தார். கீழுதடு மட்டும் அசைகிற சிரிப்பு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இஸ்திரிப்பெட்டியின் கைப்பிடி சுடும்.

பிறகு பின்னறையும் வேண்டும் என்றார். அங்கே பெரிய ட்ரையல் ரூம் வைக்கவேண்டுமாம். நீளக் கண்ணாடி, சிமெண்டு பெஞ்சு, ஜனங்கள் உட்கார்ந்து ஃபோட்டோ எடுத்துக்கொள்ள.

"நீ வீட்டுல வெச்சுத் தை."

"வீட்டுல எங்க? உங்க அம்மா தலைமாட்டுலயா?"

"அடுத்து வரப்போற செட் மட்டும் வித்துப் போகட்டும். மறுநாளே இந்தச் சுவத்தை இடிக்கறேன். அன்னிக்கு உன் மெஷின் இங்க இருந்தா தூக்கித் தெருவுல வெப்பேன்."

அக்கா பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் விட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அந்த செட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். மேலே ஹூடி, கீழே பேன்ட், ரெண்டும் அடுப்புக்கரி நிறம். ஹூடிக்குக் கனத்த துணி, பேன்டுக்கு மெல்லிசு. அதனால் வேறு வேறு மில்லிலிருந்து வந்தது. மாதிரித் துண்டுகளை அத்தான் தன் தொங்குவிளக்கின் கீழே வைத்துத்தான் தேர்ந்தெடுத்தார். துணிக்காரர், "ஒரு தடவை வாசல்ல வெச்சுப் பாத்துக்கங்க தம்பி," என்றதற்கு, "நம்ம கடையில எப்படித் தெரியுதோ அதுதாங்க கலர்," என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒற்றை நிறத்துக்காகத்தான் அந்த செட்டே. வேறு படமோ எழுத்தோ அதில் கிடையாது. அக்கா ஒரு வார்த்தை பேசாமல், தலையைத் தூக்காமல், அத்தனையையும் தைத்து முடித்தாள். அவள் களைத்துவிட்டாள், விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கே அவள் மேல் கோபம் வந்தது.

விற்பனை நாளன்று காலையிலேயே வாசலில் வரிசை. உள்ளே யாரும் இல்லாவிட்டாலும் வரிசை நிற்கவேண்டும் என்பது அத்தானின் சட்டம். நாலு நாலு பேராகத்தான் விடுவார்.

"அண்ணே, உள்ள காலியாத்தானே இருக்கு?" என்று ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"காலியா இருக்கறதைப் பாக்கத்தான் வந்திருக்கே. நில்லு."

முதல் நாலு பேர் வாங்கினார்கள். வாங்கியதை அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். கண்ணாடியில் பார்த்தார்கள். திருப்தியாக, தோளைத் தூக்கிக்கொண்டு, தெருவில் ஃபோட்டோ எடுக்க வெளியே போனார்கள்.

வெயிலில் கால் வைத்ததும் வரிசையிலிருந்து ஒரு குரல்: "டேய், மேல பாசி புடிச்சிருக்குடா!"

"கீழ பாரு, கத்திரிப்பூ!"

ஹூடி பச்சையடித்தது. பேன்ட் ஊதாவாக இருந்தது. உள்ளே ஒரே உடம்பாக இருந்தவன் வெளியே இடுப்போடு ரெண்டாகிவிட்டான். வரிசை முழுக்கச் சிரித்தது. நாலு பேரும் உடுப்பைக் கழற்றியபடியே உள்ளே வந்தார்கள். அத்தான் அவர்களை விளக்கின் கீழே இழுத்து நிறுத்தினார்.

"இங்க பாருங்க. ஒண்ணுதானே? ஒண்ணுதானே?"

"அண்ணே, நாங்க என்ன உங்க கடைக்குள்ளயேவா குடியிருக்கப்போறோம்?"

வரிசை கலைந்தது. போகிற போக்கில் ஒருவன் அந்தக் குறுகிய கதவை உதைத்துவிட்டுப் போனான். அத்தான் பின்னறைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நீதானடி தைச்சே? மேல ஒரு கலரு, கீழ ஒரு கலரு, கண்ணு அவிஞ்சா போச்சு?"

அக்கா நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். "ஜன்னலை அடைச்சது யாரு?"

"பேசாதே!"

"இந்த இருட்டுல எனக்கு என்ன தெரியும்? நீங்க காட்டின வெளிச்சத்துலதானே தைச்சேன்?"

அவர் விருட்டென்று முன்னறைக்குத் திரும்பினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளுக்குள்ளே எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

மறுநாள் மீந்த செட்டுகளைப் பிரித்து, மற்றச் சரக்கில் நிறம் ஒத்துப்போகிறதோடு ஜோடி சேர்க்க வெளிச்சம் வேண்டியிருந்தது. ஜன்னல் பலகையை அத்தானே கழற்றினார், ஆணி ஆணியாக. கழற்றி முடித்ததும் அக்கா மெஷினை முன்னறைக்கு இழுத்து வந்தாள். நான் கைகொடுக்கப் போனேன். "நீ விடு," என்றாள். தரையில் அது இழுபட்ட கோடு இன்னும் இருக்கிறது. அவர் தடுக்கவில்லை. பின்னறைச் சுவரை இடிப்பதைப் பற்றியும் அதற்கப்புறம் பேச்சில்லை. வேறு எதைப் பற்றியுமே பேச்சில்லை. "உன் அக்காகிட்டச் சொல்லு, கடையை மூடப்போறேன்னு." "உன் அத்தான்கிட்டச் சொல்லு, எனக்குக் காது கேக்கும்னு." ரெண்டு பேருக்கும் நடுவில் என்னை ஒரு கதவுபோல மாட்டி வைத்திருந்தார்கள். அவர் ஒற்றைக் கம்பியோடு அறையின் உள்மூலைக்கு ஒதுங்கினார். தெருவிலிருந்து பேன்ட்கள் மறுபடி ஜன்னல் வழியாக வர ஆரம்பித்தன.

மழைக்காலத்தில் ஒருநாள் அக்காவுக்கு நூல் வாங்கப் போனேன். நூல்கடைக்காரர் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்:

"அந்தக் கரிக்கலரு செட்டு நல்லா ஓடிச்சா தம்பி? துணி வந்த அன்னிக்கே உங்க அக்கா ரெண்டு துண்டோட வந்தாங்க. இந்தா, இந்தப் படியில வெயில்ல வெச்சுப் புரட்டிப் புரட்டிப் பாத்தாங்க. ஹூடிக்குப் பச்சை சாயல்ல ஒரு நூலு, பேன்டுக்கு ஊதா சாயல்ல ஒரு நூலு. எதுக்கும்மா ரெண்டு, ஒரே செட்டுதானேன்னேன். சிரிச்சாங்க."

கடைக்குத் திரும்பி, விற்காமல் கிடந்த ஒரு செட்டை எடுத்து ஜன்னலோரம் உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு துணியிலும் அதனதன் நூல். எங்கேயும் ஒரு தையல்கூடத் துருத்திக்கொண்டு தெரியவில்லை.