பழகின கை

வெயில் பட்டால் கண் விழிக்கும் கால்குலேட்டரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பொங்கலுக்கு மாமாவோடு நாரணாபுரம் வந்திருந்த சிநேகிதரின் சட்டைப்பையில் அது இருந்தது. இருவரும் சென்னையில் ஒரே இன்ஜினியரிங் காலேஜ், பெரிய காலேஜ். பஸ்ஸில் தொடங்கிய சண்டையை எங்கள் வீட்டு இட்லித் தட்டுவரை இழுத்து வந்திருந்தார்கள்.

“கோட்டாவுல உனக்குக் கட்-ஆஃப் கம்மிடா. திறமை இருக்கிறவன் எங்க பிறந்தாலும் மேல வந்துருவான்.” சாம்பார் நல்லாயிருக்கு என்பதுபோல்தான் சொன்னார் சிநேகிதர்.

மாமா என்னைக் கைகாட்டினார். “இவ மூணாப்பு. இவளோட தீப்பெட்டிக் கூடு ஒட்டு பாப்போம், ஒரு மணி நேரம். நீ தோத்தா கால்குலேட்டரு இவளுக்கு.”

பள்ளிக்கூடம் விட்டால் தினமும் கம்பெனிக்குக் கூடு ஒட்டுகிற வீடு எங்களது. எனக்கு நெஞ்சு திரிபோலச் சரசரவென்று பற்றிக்கொண்டது.

அம்மா நடுவே பசைக்கிண்ணத்தை வைத்தாள். சிநேகிதர் ஒவ்வொரு தாளாக எடுத்து, தடவி, மடித்து, ஊதி ஊதி ஒட்டினார். நானோ பத்துத் தாளை ஓரம் மட்டும் தெரியப் படிக்கட்டுபோல் சரித்து வைத்து, ஒரே இழுப்பில் பசை தடவினேன். விரல் தானாக ஓடியது, கண் கால்குலேட்டர்மேல். முடிவில் என் பக்கம் நீலக்கூடுகள் குன்றாய்க் கிடந்தன. அவர் பக்கம் பதினெட்டு. அதிலும் இரண்டு அவர் விரலோடு ஒட்டிக்கொண்டு.

“இது திறமை இல்லக்கா, வெறும் பழக்கம்” என்றார் அம்மாவிடம்.

பரிசு போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது.

அவர் கை கழுவத் தண்ணீர் ஊற்றியபடியே அம்மா கேட்டாள்: “தம்பி எம்புட்டு வயசுலருந்து படிக்கிறீக?”

“எல்.கே.ஜி.யிலேருந்து. ஆறாவதுலேருந்து டியூஷன். அப்பாவே கணக்கு புரொபசர்தானேக்கா.”

“அதான பாத்தேன்! ஒங்களுக்கும் நல்லாக் கை பழகியிருக்கு.”

அம்மா மெச்சித்தான் சொன்னாள். மாமாவுக்குக் காப்பி புரையேறியது. சிநேகிதர் காது சிவக்க, கால்குலேட்டரை எடுத்து என் மடியில் வைத்தார்.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால், அவர் அம்மாவுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு, பத்துத் தாளைப் படிக்கட்டாய்ச் சரித்துக்கொண்டிருக்கிறார். “இப்படியாக்கா?” மாமாவோடு சண்டை இல்லை, சத்தம் இல்லை. எனக்குத் திக்கென்றது. பழகிவிட்டு மறுபடி பந்தயத்துக்குக் கூப்பிடப்போகிறார்!

ஓடிப்போய்க் கால்குலேட்டரை அரிசிப் பானைக்குள் புதைத்தேன். அவர் ஊருக்குப் பஸ் ஏறும்வரை பானையை விட்டு நகரவே இல்லை.