நடந்து போய் ஏறிய விமானம்

போன மாதம் வடக்கே மகன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, விமானத்தில் உட்கார்ந்திருந்த நேரம் அதிகமா, விமானத்துக்குக் கூட்டிப் போன பஸ்ஸில் நின்ற நேரம் அதிகமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வரிசையில் நின்று, சீட்டைக் காட்டி, அவசர அவசரமாகப் படி இறங்கிப் போனால் கீழே விமானத்தைக் காணோம், பஸ் நிற்கிறது. உள்ளே ஏதோ நாலைந்து இருக்கைகள். அவற்றில் கைப்பைகள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன. பைகளின் சொந்தக்காரர்கள் பக்கத்தில் நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பஸ் நிறைந்தது. நிறைந்த பிறகும் நின்றது. இன்னும் ஒரு குடும்பம் வரவேண்டும் என்றார்கள். அந்தக் குடும்பம் ஆடி அசைந்து வந்து ஏறி, என் கால் மேல் தன் சக்கரப் பெட்டியை ஏற்றியதும்தான் கதவு மூடியது.

அப்புறம் அந்த பஸ் போனது பாருங்கள், போய்க்கொண்டே இருந்தது. வழியில் எத்தனையோ விமானங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் இதுதான் நம்முடையது என்று பெட்டியைத் தூக்குவேன். பஸ் தாண்டிப் போய்விடும். எங்கள் திருச்சி ஒன்றாம் நம்பர் பஸ்ஸாக இருந்தால் இதற்குள் ஜங்ஷனிலிருந்து கிளம்பி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏற்றி, காவேரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்தில் இறக்கிவிட்டிருக்கும். கண்டக்டரோடு ஒரு சண்டையும் முடிந்திருக்கும். ஒருவழியாக பஸ் நின்றது. விமானத்தின் அருகில் நின்றும் கதவு திறக்கவில்லை. உள்ளே துடைக்கிறார்களாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படி தெரிகிறது, இந்தப் பக்கம் நாங்கள் மீன் தொட்டியில் இருப்பதுபோல் வாயைத் திறந்து மூடிக்கொண்டு நிற்கிறோம்.

கதவு திறந்ததும் முதலில் உள்ளே வந்தது ஒரு வாசனை. மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்தால் வருமே, அதை வெயிலில் காயவைத்த மாதிரி ஒரு நெடி. விமானத்துக்குப் போடும் எண்ணெயின் வாசனை அது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு மட்டும் என் முதல் உத்தியோகம் ஞாபகத்துக்கு வந்தது.

எழுபதுகளின் கடைசியில் திருச்சி விமான நிலையத்தில், ஒரு விமானக் கம்பெனியின் தரை அலுவலில் எனக்கு வேலை. பிரமாதமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வேலைக்கு என்னை எடுத்ததே குரலுக்காகத்தான் என்று இன்றும் நம்புகிறேன். மேலப்புதூர் சர்ச் பாடகர் குழுவில் பாடி வளர்ந்த தொண்டை. நிலையத்தில் இருந்த ஒலிபெருக்கி பாதி நாள் பேசாது. அந்த நாட்களில் நானே ஒலிபெருக்கி. சீருடைப் புடவை, குதிகால் உயர்ந்த செருப்பு, அதில் நடக்கத் தெரியாத நான். எங்கள் தெருவில் எல்லோரும் நான் ஆகாயத்தில் பறக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானோ ஆகாயத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. காலையில் சைக்கிள் ரிக்‌ஷா, சாயங்காலம் டவுன் பஸ்.

என் முக்கியமான வேலை, பயணிகளை விமானம் வரைக்கும் நடத்திக் கூட்டிப் போவது. கட்டடம் என்றால் ஒரு பெரிய கல்யாண மண்டபம் அளவுதான். பின்கதவைத் திறந்தால் எதிரே வெட்டவெளி. அதன் நடுவில் இரண்டு விசிறிகளோடு விமானம், யாரோ மறந்து விட்டுவிட்டுப் போனதுபோல் நிற்கும். நான் முன்னால் நடக்க, ஆட்கள் பின்னால் வருவார்கள். கொழும்புக்குப் போகும் வியாபாரிகள், மதராசுக்குப் போகும் ஆபீசர்கள், கைக்குழந்தைக்காரர்கள். வெயிலில் தார் இளகி என் குதிகால் உள்ளே இறங்கிவிடும். செருப்பைப் பிடுங்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

கட்டடத்து மாடியில் வழியனுப்ப வருகிறவர்கள் நிற்க ஒரு இடம் இருந்தது. சிறு கட்டணம் கொடுத்தால் யாரும் ஏறலாம். ஒருவர் ஊருக்குப் போக வேன் நிறைய ஆட்கள் வருவார்கள். கீழே நடக்கிறவருக்கு மேலேயிருந்து யோசனைகள் வந்துகொண்டே இருக்கும். போனதும் தந்தி அடி, பணத்தைப் பத்திரமாக வை, அத்தையைக் கேட்டதாகச் சொல். நடக்கிறவரும் நின்று திரும்பிப் பதில் சொல்லிவிட்டுத்தான் நகருவார். அவசரப்படுத்தினால் என்னைத்தான் முறைப்பார்கள்.

அப்படி ஒரு மத்தியானம்தான் ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலிருந்து சம்பத் மாமாவும் வேதவல்லி மாமியும் வந்தார்கள். மாமா தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பளிச்சென்று திருமண், மடித்த அங்கவஸ்திரம். மாமி ஒன்பது கஜம் கட்டி, இடுப்பில் சாவிக்கொத்து செருகியிருந்தார். மதராசில் அவர்களுடைய ஒரே பெண்ணுக்கு இன்னும் நாள் இருக்கும்போதே பிரசவ வலி வந்துவிட்டது. ஏதோ சிக்கல், உடனே கிளம்பி வாருங்கள் என்று மாப்பிள்ளை டிரங்க் காலில் சொல்லி, டிக்கெட்டுக்கும் ஏற்பாடு பண்ணியிருந்தார். ராத்திரி ரயிலைப் பிடித்தால் மறுநாள் காலைதான் போய்ச் சேர முடியும். விமானத்தில் போனால் சாயங்காலத்துக்குள் பெண்ணின் பக்கத்தில் இருக்கலாம்.

 மாமியின் உதடு ஏதோ ஜபித்துக்கொண்டிருந்தது. மாமாதான் பேசினார். காத்திருந்த நேரம் முழுக்க விமானம் எப்படிப் பறக்கிறது என்று அறையில் இருந்த அத்தனை பேருக்கும் வகுப்பு எடுத்தார். றெக்கைக்கு அடியில் காற்று எப்படித் தாங்குகிறது என்று அங்கவஸ்திரத்தை விரித்துக் காட்டினார். அடிக்கடி கொழும்பு போய்வரும் ஒரு பாய்கூட மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அழைப்பு வந்தது. நடந்தோம். மாடியில் உத்திர வீதியே நின்றது. வலது காலை வைத்து ஏறச் சொல்லி ஒரு குரல், காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லி இன்னொரு குரல். மாமா கையை உயர்த்தி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார். பாதி வழி போனதும் அவர் நடை தளர்ந்தது. விமானம் அருகில் வர வர பெரிதாகும் அல்லவா, அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டார்.

“நீ இதுல எத்தனை தரம் போயிருக்கேம்மா?”

இந்த இடத்தில் கொஞ்சம் புத்தி உள்ள பெண்ணாக இருந்தால் சிரித்து மழுப்பியிருப்பாள். நான் படித்த கன்னியாஸ்திரீகள் பள்ளியிலோ பொய் சொல்ல மட்டும் சொல்லித்தரவில்லை.

“நான் ஏறினதே இல்ல மாமா” என்றேன்.

மாமா நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார். “இங்க சம்பளம் வாங்கற நீயே ஏறலையே” என்று சொல்லிவிட்டு, ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போகிறவர் மாதிரி அமைதியாகத் திரும்பிக் கட்டடத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

நான் பின்னால் ஓடினேன். குதிகால் தாரில் மாட்டி ஒரு செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. ஒற்றைச் செருப்போடு அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். தலைச்சுற்றல் என்றார், தர்ப்பணம் ஒன்று ஞாபகம் வந்தது என்றார். மாடியிலிருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வெற்றிலைப் பெட்டியை மறந்துவிட்டார்போல என்று தங்களுக்குள் முடிவுகட்டி, மதராசில் வாங்கிக்கொள்ளலாம் என்று கத்தினார்கள். எங்கள் மேனேஜர் காதர் சார் கதவருகே வந்து நின்றார். சத்தம் போடாத மனிதர், ஆனால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். விமானத்தின் முன்பக்கச் சிறு ஜன்னலைத் திறந்து விமானி எட்டிப் பார்த்து, என்ன என்று கையால் கேட்டார். வேலைக்குச் சேர்ந்து முழுதாக ஒரு வருஷம் ஆகவில்லை. இன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டேன்.

மாமி இதற்குள் படியின் அடியில் நின்றிருந்தார். கணவர் திரும்பிப் போவதைப் பார்த்தார்.  என்னைக் கையசைத்து அழைத்தார். ஓடினேன். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து என் கையில் வைத்தார். 

“ஆத்துச் சாவி. அவர்ட்ட குடுத்துடு. ராத்திரி ரயில்ல வரச் சொல்லு. குழந்தை அங்க ஒத்தையா கிடக்கா, நான் போறேன்.”

அதுவரை ஸ்ரீரங்கத்தை விட்டுத் தனியாகச் சமயபுரத்துக்குக்கூடப் போனதில்லை என்று பிற்பாடு சொன்னார். அந்த அம்மாள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏறினார். மேல்படியில் ஒரு தரம் திரும்பினார். மாடியில் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். உள்ளே போய்விட்டார். நான் சாவியைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஓடி மாமாவிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். விமானம் கிளம்பி மேலே ஏறி, சின்னதாகி, மறையும்வரை அந்த வெயிலில் நின்றார். காதர் சார் ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். மாமா உட்காரவில்லை. காதர் சார் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். செருப்பு எங்கே என்றார்.

மாமாவின் பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் இருந்தது என்பது அதற்கப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது. அவருடைய வேட்டிகள் எல்லாம் அவருக்கு முன்னால் ஆகாய மார்க்கமாக மதராஸ் போய்விட்டன. அவர் கட்டிய துணியோடு ரயிலேறினார்.

சில மாதம் கழித்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் மாமியைப் பார்த்தேன். விடாமல் வீட்டுக்கு இழுத்துப் போனார். பேத்தி பிறந்திருந்தாள். விமானம் ஏறிய அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமி ஆஸ்பத்திரிக்குள் போனாராம். அம்மா வந்தாச்சா என்று பெண் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். மாமி போய்க் கையைப் பிடித்த கொஞ்ச நேரத்தில் குழந்தை பிறந்ததாம். இதைச் சொல்லும்போது மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, உடனே ஜன்னல் வழியாகப் பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். காவேரியும் கொள்ளிடமும் இரண்டு பக்கமும் ஓட, நடுவில் நம்மூர், வாழை இலை போட்ட மாதிரி இருந்ததாம். அப்போது ராஜகோபுரம் மேல்நிலைகள் இல்லாமல் மொட்டைக் கோபுரமாகத்தான் நின்றது. மேலேயிருந்து பார்த்தால் அது மொட்டை என்றே தெரியவில்லை என்றார்.

கூடத்தில் மாமா அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு கலவரம். உடனே சமாளித்துக்கொண்டு, இந்தப் பெண்தான் சாட்சி என்று எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார். அன்றைக்கு விமானத்தில் பாரம் அதிகமாகிவிட்டதாம். யாராவது ஒருத்தர் இறங்கினால்தான் கிளம்பும் என்று விமானி கெஞ்சினாராம். ஊர்ப்பட்ட ஆபீசர்கள் ஒருத்தரும் அசையாதபோது மாமா பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்தாராம்.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். சமையலறையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது.

“ஆமா, அன்னைக்கு வெயிட் கொஞ்சம் ஜாஸ்திதாங்க” என்றேன்.

காப்பி ஆற்றும் சத்தம் மறுபடி கேட்டது. எனக்கு வந்த காப்பியில் டிகாக்‌ஷன் தாராளமாக இருந்தது. வாசல்வரை வழியனுப்ப வந்த மாமி மெதுவாகச் சொன்னார். தினம் ராத்திரி சாப்பிட்டதும் மாமா அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஜன்னலில் என்ன தெரிந்தது, இன்னொரு தரம் சொல்லு என்று கேட்கிறாராம்.

எண்பதுகளில் பாதுகாப்பு அது இது என்று ஒவ்வொன்றாக வந்தன. ஒருநாள் மாடிக்கு ஏறும் கதவில் பூட்டுத் தொங்கியது. வழியனுப்ப வருகிறவர்கள் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும் என்றார்கள். இப்போது திருச்சியிலும் கண்ணாடியும் பளிங்குமாகப் புதுக் கட்டடம் வந்துவிட்டது. வெயில் படாமல் உள்ளேயே நடந்து விமானத்துக்குள் போய்விடலாம். எங்கே கட்டடம் முடிகிறது, எங்கே விமானம் ஆரம்பிக்கிறது என்பதே தெரிவதில்லை. என் முழங்காலுக்கு இது நல்லதுதான். குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் மாடியைப் பூட்டிய புதிதில் நடந்த ஒன்று மனதில் நிற்கிறது. வழியனுப்ப வந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. வேனை வெளிச்சாலையில் ஓரம் கட்டிவிட்டு, சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றுகொண்டார்கள். விமானம் ஓடுபாதையில் கடக்கும்போது கையை ஆட்டினார்கள். யார் எந்த ஜன்னலில் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. உள்ளே இருப்பவர்களுக்கும் அவர்கள் தெரிந்திருக்க மாட்டார்கள். வெட்டவெளியில் நின்ற எங்களுக்குத்தான் தெரிந்தது. அப்புறம் சுவரை உயர்த்திக் கட்டினார்கள். கொஞ்ச நாள் அதற்கு மேலே கைகள் மட்டும் தெரிந்தன. பிறகு அதுவும் இல்லை.