கைதட்டலுக்கு விட்ட இடைவெளி

என் நாடகப் பிரதிகளில் முக்கியமான வசனம் முடிந்ததும் 'கைதட்டல், நிற்கவும்' என்று எழுதிவைப்பேன். கர்வம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நியூசிலாந்தின் ஆக்லாந்துத் தமிழ்க் கலைவிழாக்களில் நான் குறித்த இடத்தில் கைதட்டல் தவறாமல் விழுந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் வீடியோ கேமரா வாங்கினார். "அண்ணே, நீங்க எழுதுங்க, படமே எடுத்துடலாம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மேடைக்கு எழுதுவதைப் போலவே பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். இந்த நாட்டு அனுபவம் இல்லையென்று வேலை மறுக்கப்பட்ட எஞ்சினியர் தன் மனைவியிடம் பொரிந்து தள்ளுகிறான். எஞ்சினியர் நான். மனைவியாக நடித்தது என் மனைவியேதான்.

படப்பிடிப்பு, ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் பகுதியில் எங்கள் வாடகை வீட்டுக் குசினியில். அடுப்பில் எங்கள் மூவருக்குமான மத்தியானக் கறி. கடைசி வசனத்தை முழங்கிவிட்டு, வலக்கையை நீட்டி, முகட்டைப் பார்த்தபடி நின்றேன்.

"ஏண்ணே நிக்கிறீங்க?"

"கைதட்டலுக்கு."

"இங்க யாரு தட்டப் போறா? ஃப்ரிட்ஜா?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அந்த இடைவெளி இருந்தே ஆகவேண்டும், அங்கே கைதட்டல் விழாவிட்டால் இனிப் பேனாவைத் தொடமாட்டேன் என்று இருவர் முன்னாலும் சபதம் செய்தேன். மறுபடி எடுத்தோம். மறுபடியும் நின்றேன்.

அந்த வருடக் கலைவிழா அன்று பள்ளி மண்டபத்தில் படம் ஓடியது. திரையில் நான் முழங்கி முடித்துக் கையை நீட்டினேன். மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. யாரோ சிப்ஸ் கடிப்பது மட்டும் கேட்டது.

அப்போது திரையில் என் மனைவி திரும்பினாள். நீட்டிய கையை ஒருமுறை பார்த்தாள். அதில் ஒரு வெங்காயத்தையும் கத்தியையும் வைத்துவிட்டுக் கறியைக் கிளறப் போனாள். நானும், கேமரா நின்றுவிட்டது என்ற நினைப்பில், பேசாமல் தோலுரிக்கத் தொடங்கினேன். நண்பர் அதைப் படத்திலிருந்து வெட்டாமல் வைத்திருந்தார், கள்ளன்!

முன்வரிசைப் பெண் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. கைதட்டல் அடங்கவே இல்லை. ஒரு நொடி எனக்கு மனைவிமேல் பொறாமையாகக்கூட இருந்தது. அடுத்த நொடி நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

பக்கத்துக் கதிரையிலிருந்து மனைவி குனிந்தாள். "கைதட்டு வந்திட்டுது. இனியும் எழுதுவியள்தானே?"

"ஓம், எழுதுவன். ஆனா அடுத்த படத்துக்கு என்ன கறி வைப்பீர் எண்டு முதலே சொல்லிப்போடும்."