மேல்தாடையில் என் பிளாஸ்டர்

கண்டியில் ஒரு தனியார் கல்லூரியின் உயிரியல் கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். போன வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதில் முக்கியமான பொருள், கேவியசீட்டஸ் என்ற பூர்வகாலத் திமிங்கிலத்தின் மண்டையோட்டு வார்ப்பு, அதாவது அச்சில் ஊற்றிய நகல். பாகிஸ்தானிலும் குஜராத்திலும் கிடைத்த சில எலும்புகளை வைத்துத்தான் அப்படியொரு விலங்கு இருந்ததென்று உலகத்துக்குத் தெரியும். கால் ஊன்றத் தெரிந்த பழைய திமிங்கிலங்களின் குடும்பத்தில் அதைச் சேர்ப்பதா, கடலோடு முற்றாகப் போய்விட்டவற்றின் குடும்பத்தில் சேர்ப்பதா என்று தகராறு. மேல்தாடையில் கடைசிக் கடைவாய்ப்பல் இருந்ததா இல்லையா என்பது அதில் ஒரு பெரிய சாட்சி; இல்லையென்றால் கடல் பக்கம்.

எங்கள் விரிவுரையாளர்கள் இருவர் இதற்காகவே, வாதாடும்போது தவிர, முகம் பார்த்துப் பேசாமல் இருந்தார்கள். மூத்தவர் சிங்களவர். இளையவர் கொழும்புத் தமிழர். தமிழ் பேசுவார், ஆனால் தமிழில் ஓர் எழுத்துகூட வாசிக்க வராது. அசல் எலும்பை இருவரும் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். பேச்சைக் கேட்டால், அந்தத் திமிங்கிலத்தோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் என்று தோன்றும்.

வார்ப்பை ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்தது நான். ஒரு வளைவில் பெட்டி சரிந்து, மேல்தாடையின் வலப்பக்கப் பின்பகுதி பொடியாகிவிட்டது. இடப்பக்கத்தில் அந்தப் பகுதி வார்ப்பில் ஏற்கெனவே கிடையாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. கோழைத்தனம்தான். பிளாஸ்டர் குழைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்தேன்.

அடுத்த வாரம் இளையவர் டோர்ச் அடித்து, மூத்தவருக்குச் சிங்களத்திலும் எனக்குத் தமிழிலும் சொல்லிக்காட்டினார். "பாருங்க, எவ்வளவு வழவழன்னு இருக்கு! பல்லுக்குழியே இல்ல. இது கடல்காரன்தான்."

மூத்தவர் விடவில்லை. உயிரோடிருக்கும்போதே பல் விழுந்து எலும்பு மூடிக்கொண்டது என்றார். என் உப்புத்தாள் வேலையை வைத்து அரைமணி நேரம் வாதாடினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"சேர், அந்த எடம் நான் பூசினது. வரும்போது ஒடஞ்சிருச்சி. மன்னிச்சிக்குங்க," என்றேன். மூத்தவருக்காக அதையே சிங்களத்திலும் சொன்னேன்.

திட்டு விழும் என்று நின்றேன். இளையவர் சிரித்தார். "உங்களுக்கு இதெல்லாம் விளங்காது. போய் மேசையத் துடைங்க."

அதை அவர் சிங்களத்திலும் சொல்ல, மூத்தவர் தலையாட்டினார். அந்த இருவரும் ஒத்துப்போனதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மேசையைத் துடைத்தேன். அவர்கள்மேல் எனக்கிருந்த பயம் அன்றோடு போயிற்று; மரியாதையும் கூடவே போயிற்று. பொய் சொல்லி மாட்டியிருந்தாலாவது என்னை ஓர் ஆளாக மதித்திருப்பார்கள். உண்மையைச் சொன்னதால் மேசை துடைக்கிறவனாகவே நின்றேன்.

கண்காட்சிக்கு முதல்நாள் ஆங்கில, சிங்கள லேபல்கள் தயாராக வந்தன. இரண்டிலும் அந்த இரண்டு திமிங்கிலக் குடும்பங்களின் பெயரும் இருந்தன, ஒவ்வொரு பெயருக்குக் கீழும் ஒருவர் கையொப்பம். தமிழை யாரும் எழுதவில்லை. "நீங்களே ஏதாவது போடுங்க," என்றார் இளையவர்.

போட்டேன்: "பூர்வகாலத் திமிங்கிலம். எந்தக் குடும்பம் என்று முடிவாகவில்லை. இது வார்ப்பு. வலப்பக்க மேல்தாடையின் பின்பகுதி உடைந்து, இங்கே பிளாஸ்டரால் அடைக்கப்பட்டது. அந்த இடத்தை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம்."

இளையவர் அதைக் கையில் வாங்கி, மேலும் கீழும் பார்த்து, "எழுத்து வடிவா இருக்கு," என்று தானே ஒட்டினார்.

மறுநாள் தெல்தோட்டைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து பிள்ளைகளோடு ஓர் ஆசிரியை வந்தார். இளையவர் டோர்ச்சோடு அந்த வழவழப்பை விளக்கிக்கொண்டிருந்தார். ஆசிரியை லேபலை வாசித்தார், அவரைப் பார்த்தார், மறுபடி வாசித்தார்.

"சேர், இதுல பிளாஸ்டர்னு போட்டிருக்கே?"

இளையவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் லேபலைக் கூட்டாகச் சத்தம்போட்டு வாசிக்கத் தொடங்கினார்கள்.