பூஞ்சணம் பிடித்த கற்கள்

எனக்குச் சுத்தம் பிடிக்கும். கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும். சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துக் கூலி லயத்தில் ஆறு பேர் ஒரே அறையில் முடங்கிக் கிடந்த காலத்திலும், என் பாய் விரிக்கும் இடத்தை மட்டும் தனியாக ஒருமுறை பெருக்குவேன். "வந்துட்டாருடா ஜமீன்தாரு" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவனுக்கு வேலை வாய்த்தது, ஊர்ச் சாக்கடையைத் தெளிய வைக்கும் இடத்தில்.

அந்தக் களம் அப்போது புதிது. நகரத்து வீடுகளின் கழிவுநீர் குழாய் வழியாக வந்து முதலில் ஒரு பெரிய தொட்டியில் தங்கும். கசடு அடியில் படிந்ததும் மேல்தண்ணீர் கல்படுகைக்குப் போகும். உடைத்த கருங்கல்லை ஆள் உயரத்துக்கு வட்டமாகக் கொட்டி வைத்திருந்தார்கள், அதுதான் படுகை. நடுவிலிருந்து நீளும் நான்கு குழாய்கள் மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கும். அவற்றின் துளைகளிலிருந்து தண்ணீர் கல் மேல் தூறி, உள்ளே கசிந்து, அடியில் வெளிவரும்போது ஓடையில் விடும் அளவுக்குத் தெளிந்திருக்கும். மூன்று படுகைகளில் ஒன்று என் பொறுப்பு. துளைகளை அடைக்கும் குப்பையைக் குச்சியால் குத்தி எடுக்க வேண்டும்.

நாற்றம்கூட ஒரு மாதத்தில் பழகிவிட்டது. பழகாதது அந்தக் கற்கள்தான். ஒவ்வொரு கல்லிலும் வழவழவென்று சாம்பல் நிறத்தில் ஒரு படலம். அதன் மேல் நனைந்த பஞ்சு ஒட்டியதுபோல நூல் நூலாக வெள்ளைப் பூஞ்சணம். ஊறுகாய் ஜாடியில் கொஞ்சம் பூஞ்சணம் கண்டாலே எனக்குச் சோறு இறங்காது. "கல்லுல மட்டும் கை வைக்காதே, துரை உத்தரவு" என்று மண்டோர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஏன் என்று துரை அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மண்டோர்தான் எங்களிடம் வேலை வாங்குகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணே என்று கூப்பிடுவேன். களத்தின் ஓரத்திலேயே அவருக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அங்கே அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், நிறைமாதமாக இருந்தார்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. முந்தின நாளே லயத்து மாட்டுவண்டிக்காரர்கள் மாட்டைக் குளிப்பாட்டிச் சக்கரத்துக்குச் சந்தனம் வைத்துவிட்டார்கள். தெருக்கூட்டுகிறவர்கள் துடைப்பத்தைக்கூடக் கழுவிச் சாத்தி வைத்திருந்தார்கள். ஒரு வண்டிக்காரர் என்னைப் பார்த்து, "நாங்க எல்லாரும் தொழில் சாமானைக் கழுவியாச்சு. உன் கல்லு மட்டும் நாறிக்கிட்டே சாமி கும்பிடப் போகுதா லா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் காலை மண்டோர் மனைவிக்கு வலி கண்டது. அவர் களத்தை என்னிடம் ஒப்படைத்துவிட்டு மருத்துவச்சியைத் தேடி ஓடினார். எனக்கு அது போதும். தண்ணீரை நிறுத்தினேன். மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு தேங்காய் நாரால் மேல்கற்களைத் தேய்த்தேன். அடிக் கற்களுக்குக் கை எட்டாது. அதற்கும் வழி கண்டுபிடித்தேன், கெட்டிக்காரன் அல்லவா! சுவருக்கு அடிக்க வைத்திருந்த சுண்ணாம்பைக் கரைத்து, வாளி வாளியாக மேலிருந்து ஊற்றினேன். கடைசியில் கற்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. சந்தனம், குங்குமம் வைத்துப் பூசணி உடைத்தோம். சாயங்காலம் மண்டோர் திரும்பி வந்தார். அது பொய்வலியாம். படுகையைப் பார்த்துத் திகைத்து நின்றவர், "சாமி காரியம்... சரி, போகட்டும்" என்று பொரியை வாங்கிக்கொண்டார்.

தண்ணீரைத் திறந்து விட்டோம். உள்ளே எப்படிப் போனதோ அப்படியே கறுப்பாக வெளியே வந்தது. மூன்றாம் நாள் ஓடையில் மீன்கள் செத்து மிதந்தன. துரை, ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியோடு வந்து சேர்ந்தார். துரை கத்தியதைக் கிராணி தமிழில் சொன்னார்: "தண்ணியைச் சுத்தம் பண்றது கல்லு இல்லையாம். கல்லுல பிடிச்சிருந்த அந்தப் பூஞ்சணமும் வழவழப்பும்தானாம். அழுக்கைத் தின்னு உசிரோட இருந்ததைச் சுண்ணாம்பு ஊத்திக் கொன்னுட்டீங்களாம். யார் செஞ்சது?"

நான் மற்றவர்களுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். மண்டோர் ஓர் அடி முன்னால் வந்தார். "ஆளுங்க என் ஆளுங்க. தப்பும் என் தப்புதான்."

பதினைந்து நாளில் தண்ணீர் தெளியாவிட்டால் மண்டோர் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுத் துரை போனார். நிறைமாதப் பெண்ணை அழைத்துக்கொண்டு அவர் எங்கே போவார்? ஆறு பேர் படுக்கும் எங்கள் லயத்துக்கா? அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்றுவரை என்னை விடவில்லை.

அன்று அவர்கள் அறை வாசலில் நின்று நடந்ததையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சாய்ந்து உட்கார்ந்தபடி கேட்டுவிட்டு, "பாலு தானா தயிராகுமா தம்பி? பிரை ஊத்தணும்ல. பக்கத்துப் படுகையிலதான் அந்தக் கருமம் நிறைய இருக்கே, கொஞ்சம் எடுத்து இதுல வைங்களேன்" என்றார்.

மண்டோரும் நானும் சுண்ணாம்பு போகும்வரை படுகையை அலசினோம். பிறகு பக்கத்துப் படுகையின் கற்களைப் பூஞ்சணம் உதிராமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, என் படுகையில் இடைவெளி விட்டுப் புதைத்தோம். அந்த வழவழப்பு முழங்கைவரை ஒழுகியது. முதல் நாள் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு தினமும் விடிந்ததும் ஓடிப் போய்க் கற்களைத் தடவிப் பார்ப்பேன். சொரசொரவென்றே இருக்கும். மனசு விட்டுப் போகும்.

ஒன்பதாம் நாள் ஒரு வெறும் கல்லின் ஓரத்தில் விரல் வழுக்கியது. குனிந்து பார்த்தேன். நரைமுடிபோல ஒரே ஒரு வெள்ளை நூல். "அண்ணே, பிடிச்சிருச்சு!" என்று நான் கத்திய கத்தலுக்கு அறைக்குள்ளிருந்து அக்கா பதில் குரல் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து அதே அறையில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது.

பதினைந்தாம் நாள் துரை வந்தார். கண்ணாடிப் புட்டியில் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். லேசான கலங்கல், அவ்வளவுதான். அவர் தலையசைத்தார். ஆனால் கிராணி சொன்னது வேறு: "தண்ணி சரியாயிருச்சு. இருந்தாலும் சுண்ணாம்பு ஊத்தினவனுக்கு இங்க வேலை கிடையாதாம்." துரை மண்டோரைப் பார்த்தார். மண்டோர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அறைக்குள் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"ஊத்தினது நான்தான். அவர் அன்னைக்கு இங்க இல்லவே இல்ல" என்றேன். மண்டோர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் உதறிவிட்டு அதையே மறுபடியும் சொன்னேன்.

என்னைத் தெருச்சாக்கடை கூட்டும் வேலைக்கு மாற்றினார்கள். அருவருத்து ஒதுக்கிய அந்தப் படுகையை விட்டு வரும்போது, வளர்த்த மாட்டை விற்றவன்போலத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த ஆயுத பூஜையன்று சிராங்கூன் ரோட்டுச் சாக்கடையில் இறங்கித் துடைப்பமும் கையுமாக நின்றிருந்தேன். தலைக்கு மேலே யாரோ செருமினார்கள். மண்டோர், இடுப்பில் மகளோடு. பொரிப் பொட்டலத்தை நீட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். அவராகவே சொன்னார்:

"உன் கல்லெல்லாம் ஒரே அழுக்குடா. பார்க்கவே அவ்வளவு நல்லா இருக்கு."

சாக்கடைக்குள் நின்றபடியே அழுதுவிட்டேன்.